இன்னும் சில நிமிடங்களில் உங்கள் முறை

கதவு பூட்டியிருக்கிறதே, அக்கா. குணவதியம்மா வீடு இதுதானே? நீலக் கதவு, அடுத்த வாசலில் தையல் மெஷின் சத்தம் கேட்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் நீங்கள்தான் மல்லிகா அக்கா. உங்கள் பேச்சு இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு நாள் போனதில்லை. "எங்க மல்லிகா தைச்சது, பாரு, தோள்ல ஒரு சுருக்கம் இருக்கா?" என்று ஜாக்கெட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள்.

ரேஷன் கடைக்கா போயிருக்கிறார்கள்? எப்போது போனார்கள்? கடையில் எடை போடுவது ஒரே ஆள்தானா? ரேகை வைக்கிற மெஷின் ஒன்றா இரண்டா? ஒருவருக்கு இவ்வளவு நேரம் என்று வைத்தாலும், மாதக் கடைசியில்... மன்னித்துவிடுங்கள். எந்த வரிசையைப் பற்றிச் சொன்னாலும் எனக்கு வாய் இப்படித்தான் ஓடும். தொழில் அது. நீங்கள் தைத்துக்கொண்டிருங்கள், நான் இந்தப் படியிலேயே உட்கார்ந்துகொள்கிறேன். போன் செய்து பார்க்கவா என்கிறீர்களா? என் நம்பர் என்றால் எடுக்க மாட்டார்கள். செய்து செய்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பி வந்தேன்.

நான் ரெனிட்டா. இவள் ஈவா. ஆமாம், குணவதியம்மா பார்த்துக்கொண்ட அதே பாப்பாதான். போட்டோவில் கொழுகொழுவென்று இருந்தாளே என்கிறீர்கள். இருந்தாள். அதற்காகத்தான் வந்திருக்கிறேன். அவர்கள் வேலையை விட்டு நின்றதிலிருந்து இவள் சரியாகப் பால் குடிப்பதில்லை. பாட்டிலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இரண்டு வாய் குடிப்பாள், நாக்கால் தள்ளிவிடுவாள். ராத்திரி தூக்கத்தில் ஏமாற்றிக் கொஞ்சம் கொடுக்கிறேன். என்னிடம் பால் இல்லை, அக்கா. வேலைக்குத் திரும்பப் போன மாதமே நின்றுவிட்டது. டாக்டர் எடை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வீட்ல ஏதாவது மாற்றமா?" என்று கேட்டார். இல்லை டாக்டர் என்று சொல்லிவிட்டேன். ஒன்பது மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் பொய் சொன்னேன்.

குணவதியம்மா என்னைப் பற்றி உங்களிடம் என்ன சொன்னார்கள்?

ஒன்றுமே சொல்லவில்லையா? "நின்னுட்டேன்" என்று மட்டும்தானா? அவர்கள் அப்படித்தான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அவர்களை ரொம்ப நல்லவர் என்றும் நினைத்துவிடாதீர்கள். உங்கள் சிநேகிதி, உங்களுக்கே தெரியும். குழம்பில் உப்பு அள்ளிப் போடுவார்கள். சீரியலை வைத்தால் மூன்று மாடிக்குக் கேட்கும். வீட்டு வேலைக்கு வருகிறவர்களைச் சாமான் லிப்டில் போகச் சொல்கிறார் என்று எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேனோடு ஒரு சண்டை, அது தீரவே இல்லை. "லிப்டு மனுசனுக்கா பிரிட்ஜுக்காடா?" என்று தினமும் காலையில் கேட்டுவிட்டுத்தான் மேலே வருவார்கள். ஆனால் ஈவாவை அவர்கள் தூக்கினால் போதும், இவள் உடம்பு அப்படியே தளர்ந்துவிடும். நான் தூக்கினால் விறைப்பாள். பயந்த கை எது என்று குழந்தைக்குத் தெரியும் போலிருக்கிறது. எனக்குப் பயம்தான், ஒளிப்பானேன். தூங்கும்போது மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். மூச்சு வந்தாலும் இன்னொரு தரம் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் பெஞ்சமின் கப்பலில் இருக்கிறார். அம்மா நாகர்கோவிலில் அப்பாவின் டயாலிசிஸைப் பார்ப்பாளா, என்னைப் பார்ப்பாளா? ஹாலில் ஒரு கேமரா மாட்டினேன். நம்பிக்கை இல்லாமல் இல்லை, அக்கா. பயம். வேலையில் இருக்கும்போது போனில் பார்த்துக்கொள்ளலாம், பேச்சும் கேட்கும். குணவதியம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் மாட்டினேன். "மாட்டிக்க கண்ணு, நானும் டிவியில வர்ற மாதிரி" என்றார்கள்.

என்ன வேலையா? சொன்னால் சிரிப்பீர்கள். நெடுஞ்சாலை மேல் ஒரு தீம் பார்க் இருக்கிறதே, தண்ணீர் விளையாட்டு, ராட்டினம், தலைகீழாகப் போகிற ரயில் எல்லாம், அங்கேதான். நான் ராட்டினம் ஓட்டுவதில்லை. வரிசைக்குக் கணக்குப் போடுகிறேன். எந்த ரைடுக்கு எப்போது எத்தனை பேர் வருவார்கள், எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்று முன்கூட்டியே எக்செலில் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்த எண்ணைத்தான் ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் போர்டில் காட்டுவார்கள். "இங்கிருந்து காத்திருக்கும் நேரம்" என்று பச்சை எழுத்தில் ஓடும்.

கஷ்டமான கணக்கு இல்லை. கால் மணிக்கு ஒரு வரி. முதல் கட்டத்தில் புதிதாக வந்து நிற்பவர்கள். அடுத்த கட்டத்தில் ரைடு ஏற்றிக்கொண்டு போகிறவர்கள். ஏற்றியது போக மிச்சம் நிற்பவர்களை அடுத்த வரிக்கு இறக்கிக் கூட்ட வேண்டும். மிச்சம், மிச்சத்தின் மேல் மிச்சம். காலையில் பத்துப் பேர் மிச்சமானால் மத்தியானம் அதுவே பாம்பாகி நிற்கும்.

இந்தப் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலேயே உண்டு. கான்வென்ட் போர்டிங்கில் படித்தேன். மாதத்தின் முதல் வியாழக்கிழமை சாயந்திரம் பாவசங்கீர்த்தனம், செய்த பாவத்தையெல்லாம் ஃபாதர் காதில் சொல்ல வேண்டும். ஃபாதர் ஒருவர், நாங்கள் ஒரு ஹால் நிறையப் பெண்கள். ஒவ்வொருத்தியும் உள்ளே போய் எவ்வளவு நேரத்தில் எழுந்து வருகிறாள் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். ரொம்ப நேரம் எடுத்தால் பெரிய பாவம் என்று எங்களுக்குள் ஒரு கணக்கு. அதனால் என் முறை வந்ததும் நான் சட்டென்று முடித்துவிடுவேன். "பொய் சொன்னேன், பொறாமைப்பட்டேன், அவ்வளவுதான் ஃபாதர்." நிறைய இருக்கும், உள்ளேயே வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுவேன். பின்னால் நிற்கிறவர்கள் எண்ணிக்கொண்டிருப்பார்களே.

கோடை விடுமுறைக்கான கணக்கை வீட்டில் உட்கார்ந்துதான் போட்டேன். அப்போது எனக்குப் பிரசவ லீவு முடியவில்லை. குணவதியம்மா புதிதாக வந்திருந்தார்கள். ஈவாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே என் பின்னால் வந்து நின்று பார்ப்பார்கள். "இந்தக் கட்டத்துல இருக்கிறது எல்லாம் ஆளுங்களா கண்ணு?" "ஆமாம்மா." "இத்தனை பேரையும் பொட்டிக்குள்ள நிக்க வெச்சிட்டியா? தண்ணி கிண்ணி குடுத்தியா?" என்று சிரிப்பார்கள். சமையலறைக்குப் போகிற வழியில், "என்ன கண்ணு, உன் ஜனம் நகருதா?" என்று கேட்காமல் போக மாட்டார்கள். வேறு யாரிடம் பேசுவேன் நான்? கணக்கு முழுவதையும் அவர்களிடம்தான் விளக்கினேன்.

மே மாதம் முதல் ஞாயிறு. என் கணக்குப்படி அலைக் குளத்துச் சறுக்கு மரத்துக்கு நாற்பது நிமிடம். போர்டில் நாற்பது என்று பச்சையாக ஓடுகிறது. ஜனங்கள் இரண்டு மணி நேரம் நின்றார்கள், அக்கா. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். ஒருவர் போர்டின் மேல் செருப்பை எறிந்தார். நான் கண்ட்ரோல் ரூமில் கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டு, எங்கே தப்பு, எந்தக் கட்டத்தில் தப்பு என்று தேடிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் சரியாக இருக்கிறது. பிறகு திரையில் ஒரு ஆளைக் கவனித்தேன். தோளில் ஏழெட்டு டவல், கையில் மூன்று ஹேண்ட்பேக். தனியாக நிற்கிறார். வாசல் பக்கம் வந்ததும் விசில் அடிக்கிறார். நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த ஒரு குடும்பமே எழுந்து, "நம்ம ஆளு நிக்கிறார், நம்ம ஆளு நிக்கிறார்" என்று கம்பிக்கு அடியில் குனிந்து குனிந்து உள்ளே நுழைகிறது. பின்னால் நிற்கிறவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்கும் வெளியே ஆள் இருக்கிறதே.

நான் தலைகளைத்தானே எண்ணினேன். இடம் பிடித்து நிற்கிற தலைகளை.

எங்கள் மேனேஜர் ஜெயசீலன் சார் கத்தவில்லை. "ஏம்மா, உன் ஷீட்டுல ஒருத்தன் நின்னா ஒருத்தன். நம்ம ஊர்ல ஒருத்தன் நின்னா பின்னாடி ஒரு வேன் நிக்குதுன்னு அர்த்தம். நீ பஸ்ல கர்ச்சீப் போட்டு சீட்டு பிடிச்சதே இல்லையா?" என்றார். நான் வெட்கத்தில் சுருங்கிப்போனேன். அன்றைக்கே ஒரு தலைக்கு இத்தனை பேர் என்று எல்லாவற்றையும் பெருக்கி மாற்றிப் போட்டேன். இப்போது கணக்கு உண்மையைச் சொன்னது. நூற்றுப் பத்து நிமிடம். சாரிடம் காட்டினேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நூத்திப் பத்துன்னு போர்டுல போட்டா எவன் நிப்பான்? எல்லாரும் கவுண்டருக்கு வந்து டிக்கெட்டைத் திருப்பி எடுத்துக்கோம்பான். நேரத்தைக் குறைக்க முடியாது, சரி. நேரம் தெரியாம பண்ண முடியுமா பாரு."

அதைப் பண்ணினேன், அக்கா. என் வாயால் சொல்லக் கூடாது, ரொம்ப நன்றாகப் பண்ணினேன். வரிசையை நேராக விடாமல் மடித்து மடித்து விட்டேன். முன்னால் எவ்வளவு பேர் என்று யாருக்கும் தெரியாது, சுவர்தான் தெரியும். நடந்துகொண்டே இருக்கிற மாதிரி இருக்கும். மடிப்புக்கு ஒரு டிவி, அதில் பழைய காமெடி. தண்ணீர்ப் புகை விடுகிற விசிறி. அப்புறம் ஸ்பீக்கரில் ஒரு குரல். "அன்பான விருந்தினர்களே, இன்னும் சில நிமிடங்களில் உங்கள் முறை வந்துவிடும்." அது என் குரல்தான். அறிவிப்புப் பெண் அன்றைக்கு வரவில்லை, சார் என்னையே பேசிப் பதியச் சொன்னார். கான்வென்ட் குரல், தெளிவாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. அதே இரண்டு மணி நேரம். ஆனால் புகார் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. எனக்குக் கேக் வெட்டினார்கள்.

அன்று சாயந்திரம் அந்தக் கேக்கில் ஒரு துண்டு குணவதியம்மாவுக்குக் கொண்டுவந்தேன். சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். "அவ்வளவுதாம்மா விஷயம். காத்திருக்கிறவங்களுக்கு நேரம் தெரியக் கூடாது. நம்ம குரல் காதுல விழுந்துட்டே இருக்கணும். இதோ, இதோன்னு சொல்லிட்டே இருந்தா நின்னுட்டே இருப்பாங்க" என்றேன். குணவதியம்மா கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே கவனமாகக் கேட்டார்கள். "அட" என்றார்கள்.

இதைச் சொல்ல வரவில்லை நான். நடந்ததைச் சொல்கிறேன்.

அடுத்த வாரம். கண்ட்ரோல் ரூமில் ஒரு காதில் இயர்போன், போனில் வீட்டு ஹால். இன்னொரு காதில் பார்க் சத்தம். முன்னால் பெரிய திரையில் வரிசை. அந்த வரிசையில் ஒரு பெண் நின்றுகொண்டே துப்பட்டாவுக்குள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். சின்னக் குழந்தைகளுக்கு டிக்கெட் கிடையாது. அதனால் என் கணக்கில் குழந்தைகள் கிடையாது. அவள் ஒரு தலைதான். யாரையாவது அனுப்பி அவளை நிழலுக்கு அழைத்துப் போகச் சொல்லலாமா என்று நினைத்தேன். நினைத்தேன். அதற்குள் அடுத்த கால் மணிக்கான எண்ணை மாற்ற வேண்டியிருந்தது. பிறகு பார்த்தபோது அவள் அந்த மடிப்பில் இல்லை.

அப்போதுதான் போனில் ஈவா அழுதாள். குணவதியம்மா தூக்கினார்கள், தட்டினார்கள், ஜன்னலுக்குப் போனார்கள். அழுகை நிற்கவில்லை. அவர்கள் தன் போனை எடுத்து எதையோ அழுத்தினார்கள். என் குரல் கேட்டது. "இதோ வந்துட்டேன்டா தங்கம், அம்மா இதோ வந்துட்டேன்." காலையில் நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொல்கிறது. எனக்குத் தெரியாமல் பதிந்து வைத்திருக்கிறார்கள். ஈவா சட்டென்று அழுகையை நிறுத்தினாள். கதவைப் பார்த்தாள். சிரித்தாள், அக்கா. கதவைப் பார்த்துச் சிரித்தாள். கதவு திறக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகம் மாறியது. மறுபடி அழ ஆரம்பித்தாள். குணவதியம்மா மறுபடி அழுத்தினார்கள். மறுபடி கதவு.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு பச்சைக் குழந்தையை இப்படியா ஏமாற்றுவது? வராத ஆளை வருகிறாள் வருகிறாள் என்று! அதுவும் என் குரலை வைத்து! இந்தப் பக்கக் காதில் ஸ்பீக்கரில் வேறு நானே, "இன்னும் சில நிமிடங்களில்" என்று கத்திக்கொண்டிருக்கிறேன், ஒன்றும் கேட்கவிடாமல்.

ஏன் சிரிக்கிறீர்கள், அக்கா?

இரண்டும் ஒன்றா? எப்படி ஒன்றாகும்? அங்கே நிற்பவர்கள் பெரியவர்கள். அவர்களாக வந்து நிற்கிறார்கள். பிடிக்காவிட்டால் வெளியே போய்விடலாம். அதாவது, மடிப்புக்குள் வந்துவிட்டால் நடுவில் வெளியேறக் கஷ்டம்தான், கம்பி இருக்கிறது. அது பாதுகாப்புக்கு. நீங்கள் நூலைக் கடித்துக்கொண்டே ஒன்று சொல்லிவிடுகிறீர்கள். இருங்கள், சொல்லி முடித்துவிடுகிறேன்.

இவளை மடியில் போட்டுக்கொண்டு என் பையிலிருந்து பாட்டிலையும் எடுத்துவிட்டீர்களா? சூடு சரியாக இருக்கிறதா பாருங்கள். கொடுங்கள், கொடுத்துப் பாருங்கள். குடிக்க மாட்டாள். நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் கைகூடக் கழுவாமல் குழந்தையைப் பிடுங்கினேன். ஆமாம், பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். "யாரைக் கேட்டு என் குரலைப் பதிஞ்சீங்க? எத்தனை நாளா என் பிள்ளைய ஏமாத்துறீங்க?" என்றேன். குணவதியம்மா திகைத்துப்போய், "அழுதுச்சு கண்ணு. உன் குரலைக் கேட்டா நிக்குது. நீதானே கண்ணு அன்னிக்கி கேக்கு..." என்று ஆரம்பித்தார்கள். "நான் என்ன? நானா ஏமாத்தச் சொன்னேன்?" என்று நான் கத்தினேன். அன்றைக்கு என்ன சொல்ல வந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவிடவில்லை.

"போனைக் குடுங்க" என்றேன். கொடுத்துவிட்டார்கள், அக்கா. ஒரு மறுப்பும் இல்லை. "திறந்து குடுங்க" என்றேன். திறந்தும் கொடுத்தார்கள். பதிந்ததெல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தது. பெயர் ஒன்றுமில்லை, வெறும் தேதியும் எண்ணும். எது என் குரல் என்று கேட்டுப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வரியில் தப்பு என்று தெரியாவிட்டால் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவோம். அப்படித்தான் செய்தேன். மொத்தமும். போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் அதைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஈவாவின் காலைத் தொட்டுவிட்டு, "என் டிபன் பாக்ஸு உள்ள இருக்கு" என்றார்கள். நான்தான் போய் எடுத்துவந்து கொடுத்தேன். எடுத்துவந்து கையில் கொடுத்து, கதவையும் திறந்து வைத்தேன்.

இதுதான் நடந்தது. லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருக்கிறேன். திங்கட்கிழமை நான் போயாக வேண்டும், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் பார்க்குக்கு வருகிற கடைசிக் கூட்டம், சார் தினமும் கூப்பிடுகிறார். நான் பக்கத்திலேயே இருக்கிறேன், இவள் குடிக்க மாட்டேன் என்கிறாள். அதனால் வந்தேன். குழந்தைக்காகத் திரும்பி வாருங்கள் என்று கேட்கலாம் என்று.

என்ன சொன்னீர்கள்?

மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்கள், அக்கா. போனில் என்ன பதிந்திருந்தார்கள்?

அன்றைக்கா? அதே நாள் மத்தியானமா? உங்களுக்குப் போன் செய்து சொன்னார்களா?

என்னவென்று சொன்னார்கள், அப்படியே சொல்லுங்கள்.

"எங்க பாப்பா இன்னிக்கி அம்மான்னுச்சுடி. மூணு தடவ. பதிஞ்சு வச்சிருக்கேன், கண்ணு வந்ததும் போட்டுக் காட்டணும்."

அம்மா என்றாளா.

நான் அன்றைக்கு விட்டு விட்டுத்தான் பார்த்தேன். சார் கூப்பிட்டார், நடுவில் போய்விட்டேன். யாரைப் பார்த்து அம்மா என்றாளாம்? அது தெரியுமா உங்களுக்கு? குணவதியம்மாவைப் பார்த்தா? பரவாயில்லை, சொல்லுங்கள், அவர்களைத்தான் சொல்லியிருப்பாள். பகலெல்லாம் அவர்கள்தானே.

போனைப் பார்த்தா?

போனில் என் குரல் கேட்டதும், போனைப் பார்த்து.

அப்படியா.

இல்லை, ஒன்றுமில்லை. தண்ணீர் வேண்டாம். கண்ணில் தூசி இல்லை, அழுகைதான், அதிலென்ன. எனக்குப் போட்டுக் காட்ட வைத்திருந்திருக்கிறார்கள். நான் வாசலில் நுழைந்ததும் சொல்லலாம் என்று சாயந்திரம் முழுக்கக் காத்துக்கொண்டு இருந்திருப்பார்கள். நான் நுழைந்ததும் என்ன செய்தேன் என்று சொன்னேனே. கேட்டீர்களே. "அதுல பாப்பா குரல் இருக்கு கண்ணு, அழிக்காத" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவர்கள். ஏன் சொல்லவில்லை? நான் வாயைத் திறக்கவிட்டேனா? இல்லை. அழித்த பிறகாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். டிபன் பாக்ஸ் உள்ளே இருக்கிறது என்று அதைச் சொன்னார்கள்.

நான் செய்தது இதுதான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்: கோபத்தில் ஒரு வேலைக்காரம்மாவை அனுப்பிவிட்டேன், குழந்தை ஏங்கிவிட்டது, போய்க் கூட்டிக்கொண்டு வந்தால் சரியாகிவிடும். பால் குடித்தால் சரியாகிவிடும்.

அக்கா. பாட்டில் காலியாக இருக்கிறதே.

கீழே கொட்டிவிட்டதா? குடித்தாளா? முழுக்கவா? எப்போது குடித்தாள்? நான் இங்கேயேதானே உட்கார்ந்திருக்கிறேன். என்ன செய்தீர்கள்? ஒன்றுமே செய்யவில்லையா? சும்மா மடியில் போட்டுக்கொண்டு மெஷினை மிதித்தீர்கள், அவ்வளவுதானா? தூங்குகிறாள் பாருங்கள். வாய் ஓரத்தில் பால். நான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே கொடுக்கிறேன், குடிக்க மாட்டேன் என்கிறாள். நான் பார்க்காதபோது, யாரென்றே தெரியாத மடியில் மொத்தத்தையும் குடிக்கிறாள்.

சந்தோஷம்தான். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. டாக்டரிடம் சொல்ல வேண்டும். அப்படியானால், அக்கா, குணவதியம்மா வந்தால்தான் குடிப்பாள் என்று இல்லை. யாராவது பயப்படாத ஆள் கொடுத்தால் குடிப்பாள் போலிருக்கிறது. நான் கேட்க வந்தது தேவையில்லாமல் போய்விட்டது.

ஆட்டோ மெயின் ரோட்டில்தானே கிடைக்கும்? குழந்தை தூங்கும்போதே கிளம்பினால் வீட்டுக்குப் போய்விடலாம். நான் வந்தேன் என்று அவர்களிடம் சொல்லவும் வேண்டாம். சொல்லி என்ன, மறுபடி சங்கடம். இந்தப் பையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இல்லை.

இருக்கிறேன், அக்கா. எவ்வளவு நேரமானாலும் சரி. இப்போது வந்துவிடுவார்கள் என்று என்னிடம் சொல்லாதீர்கள். வருகிறபோது வரட்டும்.

என்ன சொல்லப் போகிறேனா? தெரியவில்லை. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது முழுக்கப் பாலைப் பற்றித்தான். "பாப்பா உங்களைத் தேடுது" என்று தொடங்குவதாக இருந்தேன். அதைச் சொன்னால் எந்தக் கல்லும் கரைந்துவிடும், இல்லையா? இப்போது அதையும் சொல்ல முடியாது. இப்போது சொன்னால் பொய்.

தெருமுனையில் யார் அது? பை இடுப்பில். நடை அவர்கள் நடைதான், இடது கால் கொஞ்சம் இழுக்கும். பக்கத்தில் யாரையோ திட்டிக்கொண்டே வருகிறார்கள், ரேஷன் கடைக்காரரைத்தான் இருக்கும்.

அக்கா, ஒரு உதவி. இவளை என்னிடம் கொடுக்காதீர்கள். நீங்களே வைத்துக்கொண்டு உள்ளே போய்விடுங்கள். குழந்தையைப் பார்த்துவிட்டால் பையைக் கீழே போட்டுவிட்டு கையை நீட்டிவிடுவார்கள். அப்புறம் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி ஆகிவிடும், நான் ஒன்றும் பேச வேண்டியிருக்காது. பாட்டிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். கதவைச் சாத்திவிடுங்கள், அக்கா. முதலில் என்னை மட்டும் பார்க்கட்டும்.